குமரியின் மலையோரச் சாலைகள்: சைக்கிளில் எந்தப் பக்கம் போவது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சைக்கிளோடு வருகிறவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் ஒன்று உண்டு. முக்கடல் கரையில் தொடங்கி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நெடுஞ்சாலையிலேயே களியக்காவிளை வரை போவது. மாவட்டத்திலேயே சைக்கிளுக்கு மோசமான சாலை அதுதான். பல இடங்களில் ஓரம் ஒதுங்க இடமில்லை. கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். அந்தச் சாலையை விட்டு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் விலகினால் நெல்வயல், வாழை, ரப்பர் என்று மலையடிவாரம் வந்துவிடும். அங்கே எந்தச் சாலையைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் இங்கேதான். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆளே இல்லாத சாலை கிடைக்காது. வண்டி குறைந்த சாலை தாராளமாகக் கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க வரைபடத்தில் பார்க்க வேண்டியது, அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது என்பதைத்தான். மலையில் முட்டி நின்றுவிடும் சாலையில் உள்ளூர் பைக்கும் அரசுப் பேருந்தும் தவிர அதிகம் வராது. இரண்டு பெரிய ஊர்களை இணைக்கும் சாலையும், கேரள எல்லைக்குக் குறுக்குவழியாகும் சாலையும் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு அழகாக இருந்தாலும் இரைச்சல்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று பக்கம் போகலாம்: கிழக்கே பூதப்பாண்டி–கீரிப்பாறை, நடுவில் பத்மநாபபுரம்–பொன்மனை–திற்பரப்பு, மேற்கே பேச்சிப்பாறையும் அதற்கு அப்பாலும்.

கிழக்கு

நாகர்கோவில் வடசேரியிலிருந்து புத்தேரி, இறச்சகுளம் வழியாகப் பூதப்பாண்டி. பிறகு திட்டுவிளை, அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அழகியபாண்டிபுரம் வரை ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வயலும் குளமும் தென்னையும், எதிரே முழு மலைத்தொடரும். அதற்குப் பிறகு ரப்பர் தொடங்கும், சாலை மெல்ல உயரும். கியர் இல்லாத சைக்கிளில் வருகிறவரும் கடைசிச் சில கிலோமீட்டரில் கொஞ்சம் உருட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்றில் எளிதான வழி இதுதான். முதன்முதலாகச் சுமையோடு சைக்கிள் மிதிக்கிறவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

நேரம் இருந்தால் திட்டுவிளையிலிருந்து அருமநல்லூர், கடுக்கரை பக்கம் பிரிந்து போய்த் திரும்புங்கள். கடுக்கரைக்கு அப்பால் மலைதான். ஆகவே வெளியூர் வண்டி வர வேலையில்லை. மலை மூன்று பக்கமும் நெருங்கி வரும் அந்த வயல்வெளிக்கு இணையான இடம் இந்த மாவட்டத்தில் குறைவு.

கீரிப்பாறைக்கு அப்பால் உள்ள காளிகேசம் என்ற ஆற்றங்கரைக் காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சோதனைச்சாவடியில் அனுமதி கேட்டுப் பகலில் மட்டும்தான் போக வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் விடமாட்டார்கள். யானை நடமாட்டம் உள்ள காடு. சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் வளைவில் விலங்குக்கு நாம் வருவது தெரியாது. அதனால் குருட்டு வளைவுக்கு முன்னால் மணி அடித்துக்கொண்டே போவது நல்லது.

இந்த வழியில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று அறுவடை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இங்கே நெல் இரண்டு போகம். கன்னிப்பூ அறுவடை ஆகஸ்ட்–செப்டம்பரிலும் கும்பப்பூ அறுவடை பிப்ரவரி–மார்ச்சிலும் வரும்போது நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப்போடுவார்கள். நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்; வைக்கோல் பின்கியருக்குள் சுற்றிக்கொண்டால் செயினை நகர்த்தும் பின்கியர்க் கருவி சக்கரக் கம்பிகளுக்குள் இழுபட்டு முறியும். நெல் கிடந்தால் பிரேக் பிடிக்காமல் நேராக உருட்டிவிடுங்கள். வைக்கோல் கிடந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.

இன்னொன்று காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்தில் இறங்கி நாகர்கோவில் பக்கம் மிதிப்பதாகத் திட்டம் போட்டால், தட்டையான சாலையிலும் மலை ஏறுவது போலிருக்கும். அந்த மாதங்களில் நாகர்கோவிலில் தொடங்கி ஆரல்வாய்மொழியில் முடியுங்கள். காற்றே தள்ளிக்கொண்டு போகும். ஆனால் திறந்தவெளியில் பக்கவாட்டுக் காற்று லாரி கடக்கும் நேரத்தில் சட்டென்று நின்று, கடந்ததும் மீண்டும் அடிக்கும். முன்சக்கரத்தில் பை மாட்டியிருப்பவர்கள் தடுமாறுவது அப்போதுதான்.

நடுப்பகுதி

இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்குள்ள ஆறுகளும் ஓடைகளும் வடகிழக்கு மலையிலிருந்து தென்மேற்குக் கடலுக்கு ஓடுகின்றன. அவற்றுக்கு இடையே நீளநீளமான மேடுகள். ஆற்றோடு சேர்ந்து மலையை நோக்கிப் போகும் சாலை மெதுவாக உயரும். கடலுக்கு இணையாகப் போகும் சாலை ஒவ்வொரு மேட்டிலும் ஏறி ஒவ்வொரு ஏலாவிலும், அதாவது மேடுகளுக்கு இடையிலான தாழ்ந்த வயல்வெளியிலும், இறங்கும். வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் நேர்கோடு போலத் தெரிவதில் ஐந்து கேற்றம் (சாலை ஏற்றத்துக்கு இங்கே அதுதான் பெயர்) இருக்கலாம். ஒவ்வொன்றும் நூறு, இருநூறு மீட்டர்தான், ஆனால் செங்குத்தானவை. கீழே எடுத்த வேகத்தில் ஏறிவிடலாம் என்று நினைத்தால் அடிவாரத்தில் ஒரு பாலமோ வளைவோ வேகத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது வகைச் சாலையும் உண்டு: சானல்கரை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரைக் கொண்டுபோகும் சானல்கள் மேட்டின் இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டவை. ஆகவே சானல்கரையில் போனால் ஏற்றமே தெரியாது. தார் போட்ட கரைகளும் உண்டு, வெறும் மண்கரைகளும் உண்டு. மண்கரை மழைக்குப் பிறகு ஓரம் இடிந்து கிடக்கும், தடுப்புச்சுவர் பெரும்பாலும் இருக்காது. இருட்டிய பிறகு அதில் போகவே கூடாது. பகலில், உள்ளூரில் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால், இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு அமைந்த மிகச் சிறந்த பாதைகள் இவைதான்.

வழி கண்டுபிடிப்பது எப்படி? இங்கே முக்குக்கு முக்கு சாலை பிரியும். செல்போன் வரைபடம் சில சமயம் ஒருவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதைவிட நம்பகமான கைகாட்டி சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரியையொட்டி பக்தர்கள் ஓடும் பன்னிரண்டு சிவாலயங்களின் வரிசை: முன்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடு, திருநட்டாலம். அடுத்த கோயிலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சாயாக்கடையில் இருக்கும் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஓட்டக்காரர்கள் போகும் வழி ஊர்களுக்குள் நுழைந்து போவதால் சைக்கிளுக்கும் அது பொருந்தும்.

இந்த வரிசையில் கல்குளத்திலிருந்து திற்பரப்பு வரையுள்ள துண்டை மட்டும் எடுத்துக்கொள்வது என் முதல் பரிந்துரை. கல்குளம் கோயில் பத்மநாபபுரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பன்னிப்பாகம், பொன்மனை, திருநந்திக்கரை, திற்பரப்பு என்று வரிசையைத் தலைகீழாகப் பிடித்துப் போனால், காலையில் தெம்பு இருக்கும்போது மலையை நோக்கிப் போவீர்கள். திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த குகைக்கோயிலும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறக்காது. அதைப் பார்ப்பதும் திட்டத்தில் இருந்தால் கிழமையைக் கணக்கில் எடுங்கள்.

திற்பரப்பிலிருந்து குலசேகரம், திருவட்டாறு வழியாகத் திரும்பும்போது மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பிரியலாம். 1966இல் பறளியாற்றின் குறுக்கே கட்டிய பாலம். உயரம் 115 அடி, 28 தூண்கள். ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் பட்டணங்கால் சானலின் தண்ணீரைத் தூக்கிச் செல்ல இவ்வளவு பெரிய வேலை தேவைப்பட்டது என்றால், நீங்கள் அன்று முழுக்க ஏறி இறங்கியது எதனால் என்று அதன்மேல் நின்று பார்த்தால் விளங்கிவிடும். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தே பாருங்கள்.

நடுப்பகுதியின் குறை, திற்பரப்பு நெருங்க நெருங்கச் சுற்றுலா வண்டிகள் பெருகுவது. சனி, ஞாயிறும், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைப் பருவமும் மோசம். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு முன் திற்பரப்பைத் தொட்டுவிட்டால் இந்தக் குறை இல்லை. சிவராத்திரிக்கு முந்தின நாளும் அன்றும் ஓட்டக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருப்பதே முறை. ஞாயிறு காலையில் தேவாலயங்கள் இருக்கும் முக்குகளில் கூட்டம் இருக்கும்.

மேற்கு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அங்கிருந்து மோதிரமலை, குற்றியாறு பக்கமாகக் கீழ்க் கோதையாறு வரை சாலை உண்டு. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பு, அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள், காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள், பிறகு காடு. மலையில் முடியும் சாலை என்பதால் மூன்றில் அமைதி இங்கேதான் அதிகம். அதற்கான விலையும் உண்டு.

பேச்சிப்பாறையைத் தாண்டினால் கடைகள் மிகக் குறைவு. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சாலை பல இடங்களில் பெயர்ந்து கிடக்கும். மழை பெய்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். போகும்போது கணுக்கால் தண்ணீராக இருந்தது திரும்பும்போது ஆளை இழுக்கும் வெள்ளமாக இருக்கலாம். தண்ணீர் கலங்கலாகி சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் மேலே மழை பிடித்துவிட்டது என்று பொருள். அப்போதே திரும்பிவிட வேண்டும். செய்தித்தாள்களில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. அதை நெருங்கி உபரிநீர் திறந்திருந்தால் அந்த வாரம் கோதையாறு வேண்டாம்.

மேல் கோதையாறு இந்த வழியில் சேராது. அங்கே போகும் சாலை மணிமுத்தாறு, மாஞ்சோலை பக்கமாக, களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. கீழிருந்து ஏறிவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

மேற்கின் இன்னொரு கிளை குலசேகரம், களியல், கடையாலுமூடு, பத்துகாணி, ஆறுகாணி. படத்தில் பார்த்தால் ஆசை வரும். ஏற்றங்களும் நல்ல ஏற்றங்கள்தான். ஆனால் அது கேரளத்தின் வெள்ளறடைப் பக்கம் போய்ச் சேரும் சாலை. நெடுஞ்சாலையைத் தவிர்க்கும் கனரக வண்டிகள் களியல் பக்கச் சாலைகளில் நுழைவதுண்டு; குறுகிய சாலையில், ஏற்றத்தில், மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடும் சைக்கிளுக்குப் பின்னால் அப்படி ஒரு லாரி வருவது ஆபத்து. பள்ளிக்கூடம் விடும் நேரம் இன்னும் கடினம். பத்துகாணிப் பக்கத்துக் காளிமலைக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போகலாம். அமைதிக்காக என்றால் இந்தக் கிளையை நான் சொல்லமாட்டேன்.

மாதமும் ரப்பரும்

நடுவிலும் மேற்கிலும் சாலை எப்படி இருக்கும் என்பதை ரப்பர்தான் தீர்மானிக்கிறது. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்க்கும். மழை ஓய்ந்து சாலை காய்ந்திருக்கும் நல்ல மாதங்கள்தாம் இவை. ஆனால் நிழல் இருக்காது. நிழலை நம்பித் தொப்பியும் தண்ணீரும் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் பதினோரு மணிக்குள் வாடிவிடுவார்கள். சருகு மூடிய சாலையில் குழி தெரியாது என்பதும் கவனத்தில் இருக்கட்டும். மார்ச்சுக்குள் தளிர் வந்து நிழல் திரும்பிவிடும், ஆனால் கூடவே புழுக்கமும் ஏறும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை ரப்பர் காய் வெடித்து விதை சிதறும். கோலிக்குண்டைவிடப் பெரிய, வழவழப்பான, கெட்டியான விதை. 25, 28 மில்லிமீட்டர் டயர் அதன்மேல் ஏறினால் பக்கவாட்டில் நழுவும். 38க்கு மேல் அகலமான டயர் அமுக்கிக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் இதோடு பாசியும் சேரும். ஊருக்குள் இருக்கும் செங்குத்தான சந்துகளில் காங்கிரீட்டும் அலங்காரத் தரைக்கற்களும் போட்டிருக்கிறார்கள். மர நிழலில் அவை பச்சை படிந்து, ஈரத்தில் சோப்பு போல வழுக்கும். அந்த இறக்கத்தில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் விழுவது நிச்சயம். இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, பின்பிரேக்கை மெல்லப் பிடித்து, நடுவில் சக்கரம் ஓடித் தேய்ந்த தடத்திலேயே இறங்குங்கள்.

இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை எந்த நாளும் மழை வரலாம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லா வழியும் திறந்திருக்கும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை சற்று ஓயும் நாட்களில் கிழக்கு வழி பச்சைப்பசேல் என்று இருக்கும். அக்டோபர், நவம்பரில் மேற்கு வழி வேண்டாம். அட்டையும் அப்போதுதான் அதிகம், ஈரப் புல்லில் கால் வைத்தால் ஏறிவிடும்.

சைக்கிளைப் பொறுத்து

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரணச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். மிதியை ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். கேற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம்தான் வரும் என்றால் நிமிடத்துக்கு 26 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் ஏற்ற வேண்டும். முட்டிவலி வருவது அதனால்தான். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்கு அறுபதுக்கு மேல் சுற்று வரும். காலுக்கு அது இதம். ஆகவே நடுப்பகுதிக்கும் மேற்குக்கும் குறைந்தபட்சம் முன்னும் பின்னும் சமமான பல் கிடைக்கும் கியர் வேண்டும். பதினைந்து கிலோ சுமை ஏற்றினால் முன்னால் அதைவிடச் சிறிய பல்சக்கரம் இருப்பது நல்லது. 40 மில்லிமீட்டர் டயரில், 75 கிலோ எடையுள்ளவர் முன்னால் 45, பின்னால் 50 பிஎஸ்ஐ வைத்துக்கொள்ளலாம். மழையில் ஐந்து குறைத்தால் பிடிப்பு கூடும்.

ரிம் பிரேக் உள்ளவர்கள் ஒரு ஜோடி பிரேக் கட்டை கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். செம்மண் சேறு ரிம்மில் ஒட்டி உப்புத்தாள் போல அரைக்கும். மழைக்கால மலையிறக்கம் கட்டையைத் தின்றுவிடும். தினமும் மாலையில் ரிம்மையும் கட்டையையும் ஈரத்துணியால் துடையுங்கள். கியர் சைக்கிளின் உதிரிப்பாகங்கள் நாகர்கோவிலைத் தாண்டினால் மார்த்தாண்டத்தில்தான் தேட வேண்டும். கிராமத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுவார்கள். மெல்லிய வால்வு டியூபுக்குக் காற்றடிக்கும் பம்பு இருக்காது. டியூப் இரண்டு, பம்பு, வால்வு அடாப்டர், செயின் இணைப்பான் ஒன்று, கியர் கம்பி ஒன்று கையில் இருக்கட்டும். பெரிய பழுது என்றால் ஒரு டெம்போவைப் பேசி ஏற்றிக்கொண்டு ஊர் வந்துசேரலாம்; பேச்சிப்பாறைக்கு மேலே அதற்கும் காத்திருக்க வேண்டிவரும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போவதால் சாயாக்கடைகள் சீக்கிரம் திறந்துவிடும். புட்டும் பயறும், மரச்சீனிக்கிழங்கும் மீனும், மட்டி வாழைப்பழமும் நாள் முழுக்க மிதிக்கத் தோதானவை. இரண்டு லிட்டர் தண்ணீர் கிழக்குக்கும் நடுவுக்கும் போதும். கோதையாறு போவதென்றால் மூன்று. கூடாரம் கொண்டுவர வேண்டாம். காட்டுக்குள் தங்க அனுமதி இல்லை. காட்டுக்கு வெளியே ஒவ்வொரு விளையும் (தோட்ட நிலமும்) யாரோ ஒருவருடைய விளை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் இவற்றில் விடுதிகள் கிடைக்கும்.

ரயிலில் வருகிறவர்கள் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து நாகர்கோவில் சந்திப்பில் இறக்குங்கள். குழித்துறை, இரணியல் பக்கத்து நிலையங்களில் ரயில் நிற்கும் நேரம் கொஞ்சம். சரக்குப் பெட்டியைத் திறந்து இறக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். பின்கியரைக் கழற்றிச் சட்டத்துக்குள் கட்டிவிட்டால் வளையாமல் வந்துசேரும்.

எதை எடுப்பது

ஒரே நாள், கியர் இல்லாத சைக்கிள், அல்லது குழந்தைகளோடு என்றால் கிழக்கு. கடுக்கரை வரை போய், பிறகு அழகியபாண்டிபுரத்தில் திரும்பிவிடுங்கள், கீரிப்பாறை கட்டாயமில்லை. ஒரு நாள், நல்ல கியர், வார நாள் என்றால் கல்குளம்–திற்பரப்பு–மாத்தூர் சுற்று. காட்டுச்சாலைதான் வேண்டும், மழை ஓய்ந்த மாதம், துணைக்கு இன்னொருவர் என்ற மூன்றும் கூடினால் மட்டும் கோதையாறு. அதைத் தனியாகப் போவதை நான் ஏற்கவில்லை. 2023இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கத்து ரப்பர் குடியிருப்புகளில் புலி இறங்கி ஆடுமாடுகளைப் பிடித்தது. யானை இதைவிடச் சாதாரணம். மாலை நான்கு மணிக்குள் பேச்சிப்பாறைக்குத் திரும்பி இறங்கிவிட வேண்டும்.

இரண்டு நாள் இருந்தால் தேர்வு இன்னும் எளிது, ஏனென்றால் கிழக்கையும் நடுவையும் கோக்கும் சாலை ஒன்று இருக்கிறது. தடிக்காரன்கோணத்திலிருந்து சுருளகோடு, பெருஞ்சாணி, பொன்மனை வழியாகக் குலசேகரம் வரை மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகலாம். முதல் நாள் நாகர்கோவிலில் விடியற்காலை கிளம்பி இந்த வழியாகக் குலசேகரத்தில் தங்குங்கள். இந்த இணைப்புச் சாலையில் லாரி வருவதுண்டு. ஆகவே தடிக்காரன்கோணத்தைக் காலை எட்டரைக்குள் தாண்டிவிடப் பாருங்கள். மறுநாள் திற்பரப்பை முதலில் முடித்துவிட்டு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம் என்று சிவாலய வரிசையிலேயே இறங்குங்கள். இரண்டாம் நாள் முழுக்க மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஆறு போகும் திசையிலேயே நீங்களும் போவீர்கள். சுமை ஏற்றிய சைக்கிளுக்கு அந்தத் திசைதான் சரி. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை மீதியிருப்பது நெடுஞ்சாலை. அந்தத் துண்டை மாலை நெரிசலில் மிதிக்காமல் டெம்போவில் ஏற்றிவிடுங்கள், அல்லது தக்கலையிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குள் கடந்துவிடுங்கள்.